எட்டு டைல் வானம்

அத்தியாயம் 14

இந்தக் கதையில் வரும் தம்பியை நான் அளவுக்கு மீறித் திட்டுவதாக ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயலையும் ஏரியையும் பார்த்துப் பார்த்து வரைகிற மனுஷனுக்கு மனசு மெழுகு மாதிரி இருக்குமாம், நான்தான் புரிந்துகொள்ளவில்லையாம். இருக்கட்டும் அம்மா. இந்த வாரத்தைப் படித்துவிட்டு, அப்போதும் அதே கருத்தில் இருந்தால் இன்னொரு கடிதம் போடுங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரே வீடு. முன் அறையில் தம்பி, நிலக்காட்சி ஓவியன். கொல்லைப்புறக் கொட்டகையில் அக்கா, மண்பாண்டம் செய்கிறவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் என்ற பேச்சை அவளே எப்போதோ மூட்டை கட்டிவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் தம்பியின் மனைவி. தபால் நிலையத்தில் வேலை என்பதால் வீட்டில் அவளுக்குத் 'தபால்' என்றே பெயர். இரண்டு பேருக்கும் இடையே சேதி கொண்டுபோவதும் அவள்தான் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

புதிதாகக் கட்டிய நூலகத்தின் வாசல் சுவருக்கு இருபத்துநாலு டைல்களில் ஒரு நிலக்காட்சி. மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு. மேல் வரிசை முழுக்க வானம், கீழே வயலும் ஏரிக்கரையும். கோடு தம்பியுடையது, மண்ணும் நிறமும் நெருப்பும் அக்காவுடையது. சுவரில் இரண்டு பேர் பெயரும் வரும் என்று பேச்சு.

இந்தப் பெயர் விஷயம்தான் அக்காவுக்கு உயிர். இருபது வருஷமாக எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் ஆட்கள் அவள் செய்த ஜாடியைக் கையில் எடுப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், "ஓ, நீங்க அந்த ஓவியரோட அக்காவா?" என்பார்கள், ஜாடியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் படங்களைப் பார்க்கப் போய்விடுவார்கள். முதல் தடவையாக ஒரு சுவரில், நாலு பேர் தினமும் போய்வருகிற இடத்தில், அவள் பெயர் வரப்போகிறது.

போன வாரம் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்து நிற்கவே முடியவில்லை. "எல்லாம் பூசி முடிச்சாச்சு. நீ எடுத்துச் சூளைல அடுக்கினா போதும். ஒன்னுத்தையும் தொடாதே" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள். அவன் அடுக்கினான். வானத்து டைல்கள் கைக்கு வந்ததும் நின்றான். அப்புறம் கொட்டகை அலமாரியிலிருந்து ஏழாம் நம்பர் டப்பாவை எடுத்தான், தன்னுடைய அகலத் தூரிகையையும் எடுத்துக்கொண்டு வந்தான். அதை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். பார்க்காதவள் அக்கா மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து, இன்றைக்குக் காலையில், சூளை திறக்கிற நாள்.

அக்கா இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு அடங்கியிருந்தது. மெதுவாகத் திறந்தாள்.

தம்பி முன்னதாகவே வந்து நின்றிருந்தான். வழக்கமாகப் பத்து மணிக்கு முன்னால் படுக்கையை விட்டு எழாத ஆள். தலை சீவி, சட்டை மாற்றி, கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்கார வந்தவன் போல இருந்தான்.

"வானத்தை முதல்ல எடுக்கா" என்றான்.

"கீழ இருந்துதான் எடுக்கணும். அவசரப்படாதே."

கீழ்த் தட்டிலிருந்து வயல் வந்தது. அறுவடைக்கு நிற்கிற மஞ்சள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் சேர்த்து வைத்தாள். மண் பாதை வந்தது, ஏரிக்கரை வந்தது, தூரத்து மரங்கள் நாலும் வந்தன. ஒரு விரிசல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. முதுகு வலியையும் மறந்து சிரித்தாள்.

"எப்படி வந்திருக்கு பாத்தியா?"

"நல்லாருக்கு, நல்லாருக்கு. வானத்தை எடு."

மேல் தட்டுக்குக் கையை நீட்டினாள். முதல் டைலை வெளியே எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

கறுப்பு. அடுப்பில் வைத்து மறந்துபோன பாத்திரத்தின் அடி மாதிரி கறுப்பு. வெளிச்சத்தில் சாய்த்தால் மேலே ஒரு உலோகப் பளபளப்பு வேறு.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். எட்டையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

"சூளை எரிச்சிடுச்சா?" என்று கேட்டான்.

"சூளை எரிச்சிருந்தா வயலும்தானே எரிஞ்சிருக்கணும்? வானத்தை மட்டும் தேடிப் பிடிச்சா எரிக்கும்?" டைலை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "நான் மெல்லிசாத்தான் பூசினேன். இவ்வளவு தடிமனா எப்படி வந்துச்சு?"

"தெரியலியே. நான் நீலம்தான் அடிச்சேன்."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

"நீ அடிச்சியா?"

அவன் மேசையிலிருந்து ஒரு டைலை எடுத்துத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"டேய். நீ அடிச்சியா?"

"அக்கா, நீ பூசியிருந்தது ரோஸ் கலர். மத்தியான வெயில்ல வயல் தகதகன்னு இருக்கு, மேல வானம் குழந்தைக்கு வாங்கின கவுன் மாதிரி ரோஸ். முதுகு வலில நீ டப்பாவை மாத்தி எடுத்துட்டியோன்னு நினைச்சேன். எழுப்பிக் கேக்கலாம்னுதான் வந்தேன். தூங்கிட்டு இருந்தே. சரி, பாவம், நாமளே சரி பண்ணிடலாம்னு…"

அக்கா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ரோஸ்தான்டா நீலம்."

"ரோஸ் எப்படி நீலமாகும்?"

"சூளைல ஆகும். கோபால்ட்டுடா அது. பூசும்போது வெளுத்த ரோஸ், சுட்டா நீலம். முப்பது வருஷமா அப்படித்தான் ஆகுது."

"அப்ப நான் அடிச்ச நீலம்?"

"ஏழாம் நம்பரா? தாமிரம். டப்பால பாக்கத்தான் நீலம். தொட்டும் தொடாம பூசினா பச்சை வரும். நீ சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிச்சா கறுப்பாத்தான் வரும்."

"டப்பால வெறும் நம்பர்தானே போட்டிருக்கே? பேர் எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

இதைத்தான் நான் சொல்கிறேன், வாசகி அவர்களே. எட்டு டைலைப் பாழாக்கிவிட்டு, குற்றத்தைத் தூக்கி டப்பாவின் மேல் போடுகிற மனசு.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் அவனுக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் குரல் இறங்கித்தான் வந்தது.

"நீ எந்த ஊர் வயலுக்குப் போனாலும், அங்க காலைல வெளிச்சம் எப்படி, சாயங்காலம் எப்படின்னு நாலு நாள் உக்காந்து பாப்பே. இங்க, உன் அறைல இருந்து இருபது அடி. நான் உள்ள என்ன கலர்ல வெச்சேன், வெளிய என்ன கலர்ல எடுத்தேன்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், வந்து பாத்திருக்கியா?"

அவன் தரையைப் பார்த்தான். பார்த்ததில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று எழுந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சத்தமே வராததால் பயந்துபோய்த் தபால் கொட்டகைக்கு ஓடி வந்தாள். இந்த வீட்டில் சத்தம் வந்தால் நல்லது, வராவிட்டால்தான் ஆபத்து. மேசையைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மூன்றாவது பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"என்ன பண்ணீங்க?"

"நீலம் அடிச்சேன்."

"இது நீலமா?"

"அது பெரிய கதை."

"இன்னைக்கு நாலு மணிக்கு லைப்ரரி மேடம் பாக்க வராங்க. ஞாபகம் இருக்கா? அதுக்குத்தான் நான் லீவு போட்டிருக்கேன். ஞாபகம் இருக்கா இல்லையா?"

தம்பிக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததோடு நிற்காமல் யோசனையும் சொல்ல ஆரம்பித்தான். முதல் யோசனை, மேலே வெள்ளை ஆயில் பெயின்ட் அடித்து அதன் மேல் வானம் வரைவது.

"கண்ணாடி மாதிரி உருகிக் கெடக்கு. அது மேல ஆயில் பெயின்ட் எத்தனை நாள் நிக்கும்? ஒரு மழைக்குத் தாங்காது" என்றாள் அக்கா.

இரண்டாவது யோசனை, வானமே இல்லாமல் இரண்டு வரிசையோடு நிறுத்திக்கொள்வது.

"நிலக்காட்சில வானம் இல்லாமலா? இதை நீங்க சொல்றீங்க?" என்றாள் தபால்.

மூன்றாவது யோசனை, இது ராத்திரி என்று சொல்லிவிடுவது.

"கீழ வயல்ல வெயில் அடிக்குதே!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரும் தபாலும் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கடைசியில் உண்மையைச் சொல்லி அவகாசம் கேட்பது என்று முடிவானது. வானத்து டைல் எட்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். தபால் விரல் விட்டு எண்ணினாள்.

"மண்ணைத் தட்டி வெட்ட ஒரு நாள். காய?"

"குறைஞ்சது அஞ்சு நாள். அவசரப்பட்டு வெயில்ல வெச்சா வளைஞ்சிடும். சுவத்துல உக்காராது."

"ஆறு. முதல் தடவை சுட்டு ஆற ரெண்டு நாள். எட்டு. அப்புறம் பூசி, மறுபடியும் சுட்டு, ஆற… பத்து, பத்தரை நாள். திறப்பு விழா ஒன்பதாவது நாள், அண்ணி."

"தெரியும்."

"தெரிஞ்சா மட்டும் போதுமா?"

"என்னை என்னம்மா பண்ணச் சொல்றே? மண்ணு கிட்டப் போய் சீக்கிரம் காயச் சொல்லி மனு குடுக்கவா?"

மத்தியானம் டைல்களை முன் அறைக்குக் கொண்டுபோனார்கள். கொட்டகையில் முழுசாகப் பரப்ப இடமில்லை. தம்பி தன் படச் சட்டங்களையும், பாதி வரைந்து நின்ற மூன்று ஏரிகளையும், காய்ந்துபோன தூரிகைகள் நிறைந்த வாளியையும் நகர்த்தி இடம் பண்ணினான். அந்த அறையில் தரை தெரிந்தே பல மாதம் ஆகியிருந்தது. "இங்க தரை இருக்கா?" என்று தபால் கேட்டாள்.

கீழ் வரிசை, நடு வரிசை, மேல் வரிசை என்று பரப்பி முடித்தார்கள். மூன்று பேரும் சுவரோரமாக நின்று பார்த்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் வந்து டைல்கள் மேல் விழுந்தது.



அறுவடை வயல் அந்த மஞ்சள் வெயிலில் எரிந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேலே கன்னங்கரேலென்று வானம், மழை கொட்ட இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிற மாதிரி, அறுவடை பண்ணாதவன் அடித்துப் பிடித்து ஓட வேண்டிய மாதிரி. தம்பியின் தூரிகை போன போக்கெல்லாம் உருகி, மேகமாகத் திரண்டு நின்றது.

"அழகா வேற இருக்கு" என்றாள் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

தம்பி ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். நல்ல வேளையாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தத் தொடர்கதை இந்த வாரத்தோடு முடிந்திருக்கும்.

நாலு மணிக்கு நூலகர் வந்தார். மூக்குக் கண்ணாடி, தோளில் பெரிய பை, பையில் ஏகப்பட்ட காகிதம். உள்ளே வந்ததுமே ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"சுவருக்குப் பக்கத்துல வைக்கப்போற பித்தளைத் தகடு. இன்னைக்கு வாசகத்தை முடிச்சுக் குடுத்துடணும். சரியா இருக்கான்னு பாருங்க."

தபால்தான் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தாளை மடிக்கப் பார்த்தாள். அதற்குள் அக்கா கையை நீட்டி வாங்கிவிட்டாள்.

தம்பியின் பெயர் மேலே பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில்: 'உதவி: அவருடைய சகோதரி.'

பெயர்கூட இல்லை. சகோதரி.

அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தைத் தபால் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மேடம், நாங்க ஒன்னு சொல்லணும்" என்று தபால் ஆரம்பித்தாள். "வானத்துல ஒரு சின்ன…"

நூலகர் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குனிந்தார், மண்டியிட்டார், அந்தக் கறுப்பு டைலின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"நீங்க காட்டின ஸ்கெட்ச்ல சாதாரணமா ஒரு நீல வானம் இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எல்லா இடத்துலயும் பாக்கிற மாதிரி. இது…" என்று நிறுத்தினார். "எனக்கு ஓடிப்போய்க் கொடில காயுற துணியை எடுக்கணும் போல இருக்கு. வானத்தை இப்படி மாத்தணும்னு யாருக்குத் தோணுச்சு?"

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். உண்மை ஒன்றுதான் இருந்தது.

காலையிலிருந்து திட்டு வாங்கி, தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்த தம்பி சட்டென்று நிமிர்ந்தான்.

"அக்காவுக்கு" என்றான்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. இருபது வருஷத்தில் ஒரு தடவையாவது, ஏதாவது ஒரு கண்காட்சியில், "அந்த ஜாடியைப் பாருங்க, எங்க அக்கா பண்ணது" என்று வாய் திறந்திருப்பானா? திறந்ததில்லை. இப்போது திறந்தான். எதற்கு? தான் செய்த தப்பை எடுத்து அவளுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கு. நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. இவனுடைய நல்ல எண்ணத்தால்தான் வானம் கறுத்தது, அதையும் மறக்க வேண்டாம்.

"அப்படியா!" நூலகர் பேனாவை எடுத்தார். மண்டியிட்ட நிலையிலேயே தாளைத் தொடைமேல் வைத்து 'உதவி'யை அடித்தார். 'சகோதரி'யையும் அடித்தார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, எனக்கு யாரும் சொல்லலை. உங்க பேரைச் சொல்லுங்க. அதைத்தான் முதல்ல போடணும்."

பேனா காத்துக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பேனாவைப் பார்த்தாள். பேசாமல் பெயரைச் சொன்னால் போதும். அப்புறம் அது பித்தளையில் ஏறிவிடும், அவள் போன பிறகும் இருக்கும். தபால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். 'சொல்லுங்க அண்ணி, சொல்லித் தொலைங்க' என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"அது நான் பண்ணதில்லை மேடம்" என்றாள் அக்கா.

"அக்கா!" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. மேடம், நான் பூசினது நீலம். எனக்கு முதுகு வலின்னு படுத்துட்டேன். இவன் கலர் தப்புன்னு நினைச்சு மேல வேற ஒன்னைப் பூசிட்டான். சூளைல கறுத்துப்போச்சு. யோசிச்சும் பண்ணலை, தெரிஞ்சும் பண்ணலை. நான் பண்ணது கீழ இருக்கிற ரெண்டு வரிசை. மேல இருக்கிறது என் தம்பியோட தப்பு."

நூலகர் எழுந்து நின்றார். "தப்பா இருந்தா என்னங்க? நல்லா வந்திருக்கே. ரெண்டு பேர் பேரையும் சமமாப் போட்டுடறேன். இப்படியே விட்டுடலாம்."

"விட்டா, தினம் வரவங்க மேல பாத்துட்டு, இதைப் பண்ணது யாருன்னு என் பேரைப் படிப்பாங்க. அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல? என் பேரைப் போடறதா இருந்தா என் வானத்தையும் சேத்துப் போடுங்க. எட்டு டைலையும் புதுசாப் பண்ணித் தரேன்."

"ஒன்பது நாள்தாங்க இருக்கு."

"பண்ணித் தரேன்."

தபால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பத்தரை நாள் வேலை என்று காலையில் எண்ணிக் காட்டியபோது 'தெரியும்' என்று சொன்னவள்!

நூலகர் போனை எடுத்து, நின்றபடியே டைல்களை நாலைந்து படம் எடுத்தார். "நான் ஒருத்தி முடிவு பண்ண முடியாது. குழுவுக்கு அனுப்பறேன், நீங்க சொன்னதையும் சொல்றேன். சாயங்காலம் கூப்பிட்டுத் தகவல் சொல்றேன். அதுவரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்."

அவர் தெரு முனை திரும்பியிருக்க மாட்டார். அக்கா மேல் வரிசை டைல்களை இரண்டிரண்டாக அடுக்கி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்று தபால் பின்னாலேயே ஓடினாள்.

"உடைக்க."

"அண்ணி! அவங்க என்ன சொல்லிட்டுப் போனாங்க? இப்படியே இருக்கட்டும்னு சொன்னாங்களா இல்லையா? ரெண்டு மணி நேரம் பொறுத்தா குறைஞ்சா போயிடும்?"

"பொறுத்தா மனசு மாறிடுவேன்மா." அக்கா சாக்கை விரித்து அதன் மேல் டைல்களை வைத்தாள். "இது இங்க இருந்துச்சுன்னா, சரி போகட்டும், இதையே வெச்சுக்கலாம், பேர் வந்தா போதும்னு நாளைக்குக் காலைலேயே தோணிடும். அவ்வளவு அழகா இருக்கு சனியன்."

சுத்தியலைத் தூக்கினாள். தூக்கியவள் "அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது.

தம்பி வந்து சுத்தியலை வாங்கினான்.

"குடு. நான் பூசினது. நானே உடைக்கிறேன்."

"நீங்களுமா?" என்றாள் தபால். அதற்குள் வீட்டுக்குள் போன் மணி அடித்தது. "யாருமே எதையுமே தொடாதீங்க" என்று இரண்டு பேரையும் விரலை நீட்டி எச்சரித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

தம்பி சாக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். முதல் டைலைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தான். வாழ்க்கையில் ஐந்நூறு வானமாவது வரைந்திருப்பான். ஒன்றைப் பார்த்துக்கூட யாரும் துணி எடுக்க ஓடணும் என்று சொன்னதில்லை.

"நான் பண்ணதுலயே நல்லா வந்த வானம் இதுதான்கா" என்றான்.

"தெரியும்டா."

"சொல்லணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

டைலைச் சாக்கின் மேல் வைத்து ஓங்கி அடித்தான். நாலு துண்டாகப் போனது. அடுத்ததை எடுத்தான். அக்கா திரும்பிக்கொள்ளாமல், இடுப்பைப் பிடித்தபடி, ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு, மூன்று, நாலு. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, தூசு விழுந்துவிட்டது என்றான். அவள் தன் முந்தானையைக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டு ஐந்து, ஆறு, ஏழு.

எட்டாவதை எடுக்கும்போது தபால், காதிலிருந்து எடுத்த போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கொல்லை வாசலில் வந்து நின்றாள்.

"லைப்ரரி மேடம். குழுல எல்லாருக்கும் படம் போயிடுச்சாம். எல்லாருக்கும் அந்தக் கறுப்பு வானம் பிடிச்சுப்போச்சாம். யார் பேரை எப்படிப் போடணுமோ நம்ம இஷ்டமாம். ஆனா அந்த வானம்தான் வேணுமாம், வேற வானம்னா சுவரே வேண்டாமாம். நாளைக்குக் காலைல எடுத்துட்டுப் போக வண்டி அனுப்ப…"

அப்போதுதான் சாக்கைப் பார்த்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. தபால் நிலையத்தில் பத்து பேர் வரிசையில் நிற்கும்போது ஒருத்தர் சில்லறைக்குப் பை முழுக்கத் தேடினால் வருகிற முகம் வந்தது.

"லைன்ல இருக்காங்க" என்றாள் மெதுவாக. "யாராவது ஒருத்தர் பேசுங்க. நான் பேச மாட்டேன். நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ, அவ்வளவுதான்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். தம்பி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், அந்த வானத்தைப் பண்ணது என் தம்பின்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள். "இதோ, பக்கத்துலதான் இருக்கான். அவன்கிட்டயே கேட்டுக்கோங்க."

போனை அவன் கையில் திணித்தாள். ஒரு கையில் சுத்தியலும் ஒரு கையில் போனுமாக அவன் திருதிருவென்று விழித்தான். காலடியில் ஏழு டைல் வானம் துண்டுதுண்டாகக் கிடந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"மேடம்," என்றான், "நல்லா இருக்கீங்களா?"